18 டிகிரி யாருக்கு? பிரிட்டன் வீடுகளின் குளிர்காலக் கணக்கு

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டன் மக்கள் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கிறார்கள். 2025-இல் அந்த ஞாயிறு 26-ஆம் தேதி வந்தது. அன்று முதல் லண்டனில் மாலை ஐந்து மணிக்கு முன்பே மஃரிப் நேரம் வந்துவிடுகிறது. அதோடு வீட்டுக்கு வீடு ஒரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. ஹீட்டிங்கை இப்போதே போடுவதா, இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுவதா?

மறுநாள், அக்டோபர் 27 அன்று, இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வயதில் இறந்துபோன அவாப் இஸ்ஹாக் என்ற முஸ்லிம் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அது. ஹீட்டிங்கைப் போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கும் அந்தக் குழந்தையின் மரணத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

மேற்படிப்புக்கும் முதியோர் பராமரிப்பு, மருத்துவம், கணினித் துறை வேலைகளுக்கும் என்று நம் குடும்பங்களிலிருந்து பலர் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது "ரொம்பக் குளிரா?" என்று கேட்கிறோம். "வீட்டுக்குள்ளே எத்தனை டிகிரி?" என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சுவரில் ஒரு சிறிய திருகு

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகள் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் பாய்லர் எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தச் சுடுநீர் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களில் ஓடி அறையைச் சூடாக்குகிறது. எத்தனை டிகிரி வந்ததும் பாய்லர் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியே தெர்மோஸ்டாட். நம்மூர் ஏசியில் ரிமோட்டில் நாம் வைக்கும் எண் எதுவோ, அங்கே சுவரில் இருக்கும் இந்த எண்ணும் அதுவே.

இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவுடன் 25-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நினைக்கிறார்கள். வழக்கமான தெர்மோஸ்டாட்டில் 20-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் சூடாகும். 25-இல் வைத்தால் பாய்லர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் அதற்குரிய தொகை பில்லில் வரும்.

தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி குறைத்தால் ஹீட்டிங் செலவில் சுமார் 10 சதவீதம் மிச்சமாகும் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போதைய பாய்லர்களில் இன்னொரு வழியும் உண்டு. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் குறைத்து வைத்தால், அறையின் வெப்பம் குறையாமலே எரிவாயு மிச்சமாகும். 2022 டிசம்பரில் பிரிட்டன் அரசு தொடங்கிய விழிப்புணர்வுப் பிரச்சாரத்திலும் இந்த யோசனை இடம்பெற்றது. ஆனால் சுடுநீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பம் மிகவும் குறைந்தால் நோய்க்கிருமி வளரக்கூடும்.

இவையெல்லாம் பயனுள்ள யோசனைகள்தான். வீண்விரயம் கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித் தரப்பட்ட பாடம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டிங்கை ஓடவிடுபவருக்கும், யாரும் இல்லாத அறையைச் சூடாக்குபவருக்கும் இந்த அறிவுரை தேவை. நாம் கவனிக்க வேண்டியது, இதே அறிவுரை யார் யாருக்கெல்லாம் சொல்லப்படுகிறது என்பதைத்தான்.

பில் ஏன் ஏறியது?

பிரிட்டனில் எரிவாயு, மின்சாரக் கட்டணங்களுக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு உச்சவரம்பு வைக்கிறது. இந்த முறை 2019 ஜனவரியில் தொடங்கியது. சராசரிக் குடும்பம் ஒன்றின் ஓராண்டுச் செலவாக அந்த உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் அது 3,549 பவுண்டாக உயர்ந்தது. ஒரே ஆண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு!

ரஷ்யாவிடமிருந்து பிரிட்டன் நேரடியாக வாங்கிய எரிவாயு மிகக் குறைவு. ஆனாலும் ஐரோப்பியச் சந்தை முழுவதும் விலை ஏறியபோது பிரிட்டனும் அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மின்சாரத்தின் சந்தை விலையைப் பெரும்பாலான நேரங்களில் எரிவாயு மின்நிலையங்களின் செலவே தீர்மானிப்பதால் மின்கட்டணமும் சேர்ந்து ஏறியது. அரசு தலையிட்டு, சராசரிக் குடும்பத்தின் ஆண்டுச் செலவு 2,500 பவுண்டு அளவில் நிற்குமாறு யூனிட் விலைகளைக் கட்டுப்படுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு தள்ளுபடியும் கொடுத்தது.

அந்த உச்சம் இப்போது இல்லை. 2025 அக்டோபரில் உச்சவரம்பு 1,755 பவுண்டு. ஆனாலும் நெருக்கடிக்கு முன்பிருந்த நிலைக்கு விலை திரும்பவில்லை. உச்சவரம்பு என்றதும் மொத்த பில் அதற்கு மேல் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு யூனிட்டின் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும் வைக்கப்படும் வரம்பு மட்டுமே. அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டும். ஒரு யூனிட் கூட எரிக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. எரிவாயு, மின்சாரம் இரண்டுக்கும் சேர்த்து 2025 அக்டோபரில் அது நாளொன்றுக்கு 80 பென்ஸுக்கு மேல் இருந்தது.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல நான்கு மடங்கு. எரிவாயு பாய்லர் இல்லாத வாடகை அறையில் 2,000 வாட் மின்ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 2025 அக்டோபர் விலையில் 50 பென்ஸுக்கு மேல் ஆனது. மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை தொடர்ந்து ஓடினால் இரண்டரைப் பவுண்டு. வாரத்தில் சில மணி நேரமே வேலை செய்ய அனுமதி உள்ள ஒரு மாணவருக்கு மாதம் முழுவதும் இது சிறிய தொகையாக இருக்குமா?

19 டிகிரி அரசியல்

மக்களின் தெர்மோஸ்டாட்டைப் பற்றி அரசுகள் பேசுவது புதிதல்ல. 1977 பிப்ரவரி 2 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றினார். எரிவாயுத் தட்டுப்பாடு நிலவிய குளிர்காலம் அது. வீட்டு வெப்பத்தைப் பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இரவில் 55-க்கும் குறைத்து வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். செல்சியஸ் கணக்கில் ஏறத்தாழ 18-உம் 13-உம்.

2022-இல் ஐரோப்பா அதே வழியில் நடந்தது. ஜெர்மனி செப்டம்பர் முதல் அரசு அலுவலகங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று விதித்தது. நடைபாதைகளில் ஹீட்டிங்கையே நிறுத்தியது. ஸ்பெயின் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அதே 19 டிகிரி வரம்பை வைத்தது. பிரான்ஸில் ஏற்கெனவே ஏட்டில் இருந்த 19 டிகிரி விதியை அதிபர் மக்ரோன் மக்களுக்கு நினைவூட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியும் ஸ்பெயினும் போட்ட உத்தரவுகள் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும்தான். அங்கே பில் கட்டுவது அரசும் வணிக நிறுவனமும். 21 டிகிரியிலிருந்து 19-க்கு இறங்கினால் ஊழியர் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்; அவ்வளவுதான். வீடுகளில் நிலைமை வேறு. அங்கே யாரும் உத்தரவு போடவில்லை. பில்தான் உத்தரவு போட்டது. ஏற்கெனவே 16 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டியும் அதே "குறைத்து வையுங்கள்" என்ற அறிவுரையைத்தான் தொலைக்காட்சியில் கேட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதியோர், குழந்தைகள், நோயாளிகள் உள்ள வீடுகளில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். குளிர்ந்த வீட்டில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களின் நிலை மோசமாகிறது. ஆகவே 19-லிருந்து 18-க்கு இறங்குவது சிக்கனம். 16-லிருந்து 15-க்கு இறங்குவதற்கும் அதே பெயரைச் சூட்டுவது நியாயமா?

முன்பணம் கட்டினால்தான் சூடு

பிரிட்டனில் சுமார் 40 லட்சம் வீடுகளில் ப்ரீபெய்டு மீட்டர்கள் உள்ளன. கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்வது போல முன்பணம் போட்டால்தான் எரிவாயுவும் மின்சாரமும் வரும். பணம் தீர்ந்தால் வீடு குளிர்ந்துவிடும். எந்த அதிகாரியும் வந்து துண்டிக்கத் தேவையில்லை. குடும்பம் தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது.

கட்டண பாக்கி வைத்த ஏழைகளின் வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையோடு நுழைந்து, கட்டாயமாக இந்த மீட்டரைப் பொருத்தும் வழக்கம் இருந்தது. 2023 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையின் புலனாய்வு இதை வெளிக்கொண்டு வந்தது. நோயாளிகளும் சிறு குழந்தைகளும் இருந்த வீடுகளும் தப்பவில்லை என்று தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. கட்டாயப் பொருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதுவரை இந்த மீட்டர் வைத்திருந்த ஏழைகளே மற்றவர்களைவிடக் கூடுதல் கட்டணம் செலுத்தி வந்தார்கள் என்பது வேதனையான உண்மை. 2023 ஜூலையில்தான் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது.

அவாப் இஸ்ஹாக்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சூடான் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை அவாப். ஒரு சமூக வீட்டுவசதி அமைப்பின் அடுக்குமாடி வீட்டில் குடும்பம் வாடகைக்கு இருந்தது. சுவர்களில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. தந்தை 2017-லேயே புகார் செய்தார். அதன் மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டு வயது நிறைந்து சில நாட்களில், அவாப் மூச்சுக்கோளாறால் இறந்தான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வீட்டிலிருந்த பூஞ்சையே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார்.

விசாரணையின்போது இன்னொன்றும் வெளிவந்தது. ஈரத்துக்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான், வாளியில் தண்ணீர் எடுத்துக் குளிப்பதும் சமைக்கும் விதமும்தான் என்று வீட்டுவசதி அமைப்பினர் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அந்த எண்ணம் தவறு என்று பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்வதற்கு ஒரு குழந்தையின் உயிர் போக வேண்டியிருந்தது.

பூஞ்சை எப்படி வருகிறது? நாம் மூச்சு விடுவதிலும், சமைப்பதிலும், குளிப்பதிலும், துணி காய்வதிலும் காற்றில் ஈரம் சேர்கிறது. அந்தக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் ஈரம் நீர்த்துளியாகப் படிகிறது. அங்கேதான் பூஞ்சை பிடிக்கிறது. சுவர் குளிராமல் இருக்க வேண்டுமானால் வீட்டைச் சூடாக்க வேண்டும், அல்லது சுவருக்கு வெப்பக் காப்பு செய்திருக்க வேண்டும். ஈரம் வெளியேற வேண்டுமானால் காற்றோட்டம் வேண்டும்.

ஏழைக் குடும்பம் மாட்டிக்கொள்வது இங்கேதான். மின்சாரச் சிக்கனம் பேசுபவர் ஹீட்டிங்கைக் குறைக்கச் சொல்கிறார். பூஞ்சை என்று புகார் செய்தால் வீட்டுரிமையாளர் ஹீட்டிங்கைக் கூட்டச் சொல்கிறார், ஜன்னலையும் திறந்து வைக்கச் சொல்கிறார். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்டளைகளும் ஒரே திருகைப் பார்த்துத்தான் சொல்லப்படுகின்றன. கூட்டினால் பணம் போகிறது. குறைத்தால் குழந்தையின் நுரையீரல் போகிறது. எதைச் செய்தாலும் பழி குடியிருப்பவர் மேல் விழுகிறது. சுவரையும் கூரையையும் சரிசெய்ய வேண்டியவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

பிரிட்டனின் வீடுகள் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றில் சேரும். வெப்பத்தைப் பிடித்து வைக்காத அந்தச் சுவர்களுக்குள் யார் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்பதற்கு 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதில் தருகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் மொத்த மக்களில் 8.4 சதவீதத்தினர் இடநெருக்கடி உள்ள வீடுகளில் வசிக்கிறார்கள். முஸ்லிம்களில் இது 32.7 சதவீதம். மூன்றில் ஒருவர்! ஆட்கள் கூடும்போது ஈரமும் கூடும். அப்படியானால் இதை 'வாழ்க்கை முறை' என்று சொல்வதா, போதிய வீடு இல்லாத நிலை என்று சொல்வதா?

இனி சமூக வீட்டுவசதி அமைப்புகள் உயிருக்கு ஆபத்தான அவசரக் குறைகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். ஆபத்தான ஈரம், பூஞ்சைப் புகார்களை 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். அவாப் சட்டம் சொல்வது இதைத்தான். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை விரிவுபடுத்த வழி செய்யும் வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதே அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அந்த விரிவாக்கம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருப்பது அந்தத் தனியார் வாடகை அறைகளில்தான்.

முதியோருக்கான உதவி

குளிர்காலச் செலவு அரசியலில் என்ன செய்யும் என்பதைத் தற்போதைய லேபர் அரசு பட்டறிந்துகொண்டது. ஓய்வூதியர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 1997 முதல் வழங்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் அது குடும்பத்துக்கு 200 அல்லது 300 பவுண்டு. 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், மிகக் குறைந்த வருமானத்துக்கான அரசு உதவி பெறுவோருக்கு மட்டுமே இனி இது என்று அறிவித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பெற்று வந்த தொகை சுமார் 15 லட்சம் பேருக்குச் சுருங்கியது.

செல்வந்தருக்கு எதற்கு உதவித்தொகை என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோடு மிகக் கீழே போடப்பட்டது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படிவம் புரியாதவர்கள், கேட்கக் கூச்சப்பட்டவர்கள். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி பலத்த அடி வாங்கியது. ஜூன் 9 அன்று அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள ஓய்வூதியர்களுக்கு உதவியைத் திருப்பிக் கொடுத்தது. இடையில் ஒரு குளிர்காலம் முழுவதும் கடந்துவிட்டது. அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் நடுங்கிய முதியவருக்கு ஜூன் மாத அறிவிப்பு என்ன செய்யும்?

இங்கே நம்மவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருப்பவர்களுக்கு அரசின் பொது நிதி உதவிகள் கிடையாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எரிசக்தி பில்லில் தரப்படும் 150 பவுண்டு தள்ளுபடி அரசு உதவி பெறுபவர்களுக்கே உரியது என்பதால் அதுவும் இவர்களுக்கு எட்டாது. யூனிட் விலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பள்ளிவாசல் கதவுகள்

2022 குளிர்காலத்தில் பிரிட்டனின் நூலகங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் வெதுவெதுப்பான பொது இடங்களாகத் திறந்துவிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், சூடாக ஒரு கோப்பை தேநீரோ சூப்போ குடிக்கலாம். மதம் கேட்கப்படவில்லை. பெருமைப்பட வேண்டிய பணி இது. ஆனால் இரவில் கதவு சாத்திய பிறகு முதியவர் தன் குளிர்ந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தப் பள்ளிவாசல்களுக்கும் அதே பில்தான் வருகிறது. சமூகத்தின் தர்மம் ஒரு மாலையைக் கடக்க உதவும். சுவருக்கு வெப்பக் காப்பு செய்வது உரிமையாளரின் கடமை, அதைச் செய்ய வைப்பது அரசின் கடமை.

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகைக்கு விடும் வீட்டின் எரிசக்தித் தரச்சான்று, விதிவிலக்குகள் தவிர, 'ஈ' தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எரிவாயு உள்ள வீட்டில் உரிமையாளர் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை செய்திருக்க வேண்டும். பூஞ்சை கண்டால் படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. சமைக்கும்போது பாத்திரத்தை மூட வேண்டும். துணியைப் பூட்டிய அறையில் காயப்போடக் கூடாது. குளிர் தாங்கவில்லை என்று அறைக்குள் கரி மூட்டவே கூடாது. அதன் நச்சுப் புகைக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

முக்கியமாக இன்னொன்று. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதற்காக ஹீட்டிங்கைப் போடாமல், கோட்டுக்குள்ளும் போர்வைக்குள்ளும் இரவைக் கழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பா, உம்மாவிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை பேசும்போது அறையில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 18-க்குக் கீழே என்றால், இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பு, முதலில் அறையைச் சூடாக்கிக்கொள் என்று நீங்களே சொல்லுங்கள்.